நாற்பத்தாறு வீடும் எண்பது அடியும்

எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போன மாதம் புது மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது. நிலத்தின் எல்லைக் கோடுகளையும் ஒரு வீட்டின் நீள அகலத்தையும் கொடுத்தால், வீடுகளை அதுவே அடுக்கித் தெருவையும் அதுவே வகுத்துத் தருகிறது. ஒன்றல்ல, கேட்கிற அளவுக்கு வரைபடங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வேறு. உதவிப் பொறியாளர் நிவேதா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சார், இந்த வேலைய நீங்க அந்தக் காலத்துலயே புரோகிராம் எழுதிப் பண்ணீங்களாமே, சங்க மலருக்கு அதப்பத்தி எழுதித் தாங்க" என்றார். பெருமையான கட்டுரை ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கலாம். வெட்டாமல் போடுவதாக இருந்தால் எழுதுகிறேன் என்றேன். போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பணியில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். முப்பத்தாறு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. எந்த நாளில் எந்தப் பேருந்தில் எந்த ஊருக்குப் போனேன், போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு, என்ன அளந்தேன், என்ன படித்தேன் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஆனாலும் இந்தக் கட்டுரையில் ஆண்டு எதையும் குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டால், அப்போது யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்று எங்கள் துறையில் எவரும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதமும் கிழமையும் மணியும் போதும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்ற எதையும் மாற்றவில்லை.

நான் உத்திரமேரூர்க்காரன். பாலிடெக்னிக்கில் கட்டடத் தொழில் படித்து, வீடு கட்டும் பிரிவு ஒன்றில் வரைவாளனாகச் சேர்ந்தேன். முதல் ஆறு ஆண்டுகள் அடுத்தவர் போட்ட படத்தைப் பிரதி எடுத்ததிலேயே போய்விட்டன. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காஞ்சிபுரம் நூலகத்தில் கணித நூல்களை எடுத்துப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். ஒரு பெட்டிக்குள் எத்தனை சிறு பெட்டிகளை அடுக்கலாம், ஒரு பலகையை எப்படி அறுத்தால் துண்டு மிச்சமாகாது என்பது போன்ற கணக்குகளுக்கு உலகத்தில் பெரிய அறிஞர்கள் ஆயுளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை. பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே ஒருவனைக் கெடுக்கப் போதுமானது.

ஒரு பள்ளிக் கட்டடத்துக்குக் கூரைத் தகடு வெட்டும் வேலை வந்தது. வெட்டுவதில் வீணாகும் துண்டுகளைக் குறைக்கக் கையாலேயே கணக்குப் போட்டு, எந்தத் தகட்டை எங்கே வெட்டுவது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். பட்டியல்படி வெட்டினார்கள். கடைசித் தகடு பொருந்தியபோது மிச்சம் ஒரு கைப்பிடி அளவுதான். அந்தப் பட்டியல் எங்கள் உதவி செயற்பொறியாளர் தயாளனின் மேசைக்குப் போனது. மறுநாளே, அலுவலகத்துக்குப் புதிதாக வந்து துணி போர்த்தி மூடிக் கிடந்த கணினியின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

தயாளனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எவருக்கும் அவர் முடியாது என்று சொன்னதும் இல்லை. யாராவது மாற்றுக் கருத்தோடு போனால் உட்காரச் சொல்லுவார். முழுவதையும் கேட்பார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேசைக்குக் குறுக்கே நம் பக்கமாகத் திருப்பி வைப்பார். தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நம் கையில் கொடுப்பார். "நல்ல யோசனை. நீங்களே ஒரு குறிப்பா எழுதிக் குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தத் தாளில் எழுதியவர்கள் குறைவு. எழுதினால் அது எழுதியவரின் கருத்தாகிவிடும். பின்னால் ஏதாவது என்றால் கேள்வியும் அவருக்குத்தான் வரும். பதினொரு ஆண்டுகள் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அவர் எடுத்த முடிவு என்று ஒரு கோப்பைக்கூட என்னால் காட்ட முடியாது.

கணினி வந்த இரண்டாம் ஆண்டு, நெசவாளர் குடியிருப்பு ஒன்று எங்கள் பிரிவுக்கு வந்தது. திருப்புலிவனத்தைத் தாண்டி, காஞ்சிபுரம் போகிற தார்ச்சாலையை ஒட்டி நிலம். மூன்று பக்கம் நேராக இருக்கும். நான்காவது பக்கத்தில் ஏரிக்கால்வாய் சாய்வாக ஓடும். அந்தச் சாய்வுதான் வில்லங்கம். வீடு சதுரமானது, நிலம் கோணலானது. இரண்டும் சேருகிற இடமெல்லாம் முக்கோண முக்கோணமாக நிலம் வீணாகும். பட்டியலில் நாற்பத்தாறு குடும்பங்கள் இருந்தன. எல்லாரும் பக்கத்து ஊரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கூலிக்குப் பட்டு நெய்கிறவர்கள். கையால் வரைந்து பார்த்ததில் நாற்பத்தொரு வீட்டுக்கு மேல் போக முடியவில்லை. "மிச்சம் அஞ்சு பேர உங்க கணக்குல கண்டுபிடிங்க" என்றார் தயாளன்.

நான் எழுதிய நிரல் எளிமையானது. தெருவை ஒரு கோடாகப் போடு. இருபுறமும் வீடுகளை அடுக்கு. எண்ணு. பிறகு தெருவை ஓர் அடி நகர்த்து, அல்லது ஓரிடத்தில் மடக்கு. மறுபடி எண்ணு. கூடினால் வைத்துக்கொள், குறைந்தால் பழைய இடத்துக்குத் திரும்பு. இப்படியே ஆயிரக்கணக்கான முறை. வீடு போக மிஞ்சும் நிலம் எவ்வளவு என்று கடைசியில் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு நான் வைத்த பெயர் 'விரயம்'. தெருவும் அதில்தான் சேரும்.

வீட்டு விஷயத்தில் நான் அலட்சியமாக இருக்கவில்லை. அவர்கள் வாடகைக்கு இருந்த தெருவுக்கு மூன்று முறை போனேன். தறிக்குக் கீழே கால் வைத்து மிதிக்கும் கால்குழியின் ஆழத்தை அளந்தேன். தறியில் உட்கார்ந்த ஆளுக்குக் கை எட்டும் தூரத்தை அளந்தேன். பூவேலைக்கான ஜக்கார்டுப் பெட்டியைத் தறி மேல் ஏற்றினால் கூரை எவ்வளவு உயரம் வேண்டும், சன்னல் எங்கே இருந்தால் வெளிச்சம் கண்ணில் விழாமல் நெசவின் மேல் விழும் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தறி அறைக்கு மட்டும் தனிக் கணக்குப் போட்டேன். அந்த மூன்று நாள் குறிப்பும் என்னிடம் இருக்கிறது. முதல் முறை செவ்வாய், போய்ச் சேர்ந்தது பத்தே முக்கால். இரண்டாவது வெள்ளி, பதினொன்று பத்து. மூன்றாவது திங்கள், பிற்பகல் இரண்டரை. மூன்றிலும் தெருவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறேன்: "தெரு அகலம், நேரானது. நடமாட்டம் இல்லை."

மார்கழியில் ஒரு புதன்கிழமை, காலை பத்தரைக்கு ஓடவிட்ட நிரல் மாலை நாலே காலுக்கு நின்றது. திரையில் 46 என்று இருந்தது. தெரு கால்வாயின் சாய்வைப் பின்பற்றிப் படிப்படியாக மடங்கி மடங்கிப் போயிற்று. மூன்று வீடு, ஒரு மடக்கு. மூன்று வீடு, ஒரு மடக்கு. முக்கோணங்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அலுவலகத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். தயாளன் அதை அச்சில் எடுத்துக் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டார். அன்றைய குறிப்பில் நான் "வெற்றி" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இரண்டு கோடு.

தை மாதம், வியாழக்கிழமை. நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். வீடு பெறப்போகிறவர்கள் குடும்பத்தோடு வந்து, அவரவர் மனை எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கோட்டுக்குள் உட்கார்ந்து இது எங்கள் அடுப்பங்கரை என்று சண்டை போட்டன. அப்போது ஏகாம்பரம் என்பவர் தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்தார். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். பட்டியலில் நாற்பத்தாறாவது பெயர் அவருடையது. ரேஷன் அட்டை அப்பா பெயரில் இருந்ததால் முதலில் விடுபட்டு, மனு மேல் மனு கொடுத்துக் கடைசியாக ஏறியவர்.

தெருக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இது இன்னா தெருவா, படிக்கட்டா?"

வண்டி வந்து திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறோம் என்றேன்.

"வண்டி கெடக்குது சார். பாவு எங்க போடறது?"

பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். நெசவுக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, தறி அறை மட்டும் பதினாறு அடி நீளம் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "பாவ மடிச்சிப் பொட்டியில வெச்சிக்க சொல்றாருடா சாரு" என்றார்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, தெரு மடங்கும் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அடுத்த மடக்கு வந்துவிட்டது. அவர் கையில் இன்னும் கயிறு மிச்சம் இருந்தது. அடுத்த துண்டிலும் அதேதான். எண்பது அடிக் கயிறு. என் தெருவின் எந்தத் துண்டும் எழுபதைத் தொடவில்லை. பத்தடிக்கு மேல் மிஞ்சிய கயிற்றைத் தரையில் தொங்கவிட்டபடி நின்றார்.

"மூணு சேலைப் பாவு அறுவது அடிக்கு மேல ஓடும் சார். ரெண்டு பக்கமும் முளை அடிச்சி இழுக்கணும், ஆள் நிக்கணும். பாவு வளையாது. எங்க தெருவுக்கு நீங்க மூணு தபா வந்தீங்களே, பாக்கலியா?"

நான் போன நேரங்களைச் சொன்னேன். அது நோட்டில் இருந்ததால் உடனே சொல்ல முடிந்தது.

"அது நீங்க நாஷ்டா துன்னுட்டு வர நேரம் சார். வெயில் ஏறினா பட்டு தாங்காது. அதுக்குள்ள நாங்க சுத்தி உள்ள எடுத்துக்கினு பூடுவோம்."

மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்துப் போனேன். ஐந்து ஐம்பதுக்குத் தெருமுனையில் நின்றேன். நான் மூன்று முறை பார்த்த தெருவா அது என்று திகைப்பாக இருந்தது. நடுத்தெருவில் இரண்டு முனையிலும் முளை அடித்து, அரக்கு நிறப் பாவு ஒன்று இடுப்பு உயரத்தில் ஒரே தகடாக நீண்டு கிடந்தது. ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் மூங்கில் கழிகள் கோத்திருந்தார்கள். இருபுறமும் ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் நடந்துகொண்டே இழைகளை விரலால் நீவி விட்டார்கள். அறுந்த இழையைக் கண்டதும் ஒரு கை போய்ப் பிணைத்துவிட்டு வந்தது. ஒரு முனையில் ஒருவர் முழு பலத்தோடு இழுத்துப் பிடித்திருக்க, மறுமுனையிலிருந்து பாவை உருளையில் சுற்றிக்கொண்டே வந்தார்கள். எல்லா இழையும் ஒரே விறைப்பில் இருந்தால்தான் சேலை சுருங்காமல் வரும் என்றார் ஒருவர். ஆறு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்து, தெரு காலியாகிவிட்டது. நான் அளந்து பழகிய அதே காலித் தெரு. தறியில் பாதி வீட்டுக்குள் இருக்கிறது, மறுபாதி தெருவில் இருக்கிறது. அந்த மறுபாதியை நான் விரயத்தில் எழுதியிருந்தேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் நிரலில் மடக்குகளை எடுத்துவிட்டு, நேர்த்தெரு என்று போட்டு ஓடவிட்டேன். நாற்பத்து நான்கு வந்தது. தெருவைச் சாய்த்தும் தள்ளியும் பார்த்தேன். நாற்பத்து நான்குதான். வீட்டைச் சிறிதாக்க விதி இடம் தராது.

தயாளன் முழுவதையும் கேட்டார். தாளை எடுத்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"நேர்த்தெருவே போட்டுடலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல. நாற்பத்து நாலு போதும்னு எழுதுங்க. எந்த ரெண்டு பேர எடுக்கறோம்னு பேரையும் சேர்த்து எழுதிடுங்க."

அதை நான் எப்படித் தீர்மானிப்பது என்றேன்.

"அப்போ குடவோலை போடுங்க. உங்க ஊரு வழக்கம்தானே" என்று புன்னகை செய்தார். பிறகு குரல் மாறாமல், "கடைசில சேந்த ரெண்டு பேர எடுக்கறதுதான் நடைமுறை. யாருன்னு பாருங்க" என்றார்.

நாற்பத்தைந்து, கஸ்தூரி என்ற கணவனை இழந்த பெண். நாற்பத்தாறு, ஏகாம்பரம். தயாளன் அந்தப் பட்டியலைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எழுதிவிட்டு வருகிறேன் என்று தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலையே ஏகாம்பரத்தின் வாடகை வீட்டுக்குப் போனேன். அவர் தறியில் இருந்தார். அவர் மனைவி தேவகி வாசலில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஏகாம்பரம் குழியிலிருந்து காலை எடுக்காமலே பதில் சொன்னார்.

"எடுத்துடுங்க சார். கேட்டவன் நான். நாப்பது குடும்பம் பொழைக்கணும்ல. நமக்கு அடுத்த லிஸ்டுல வரும்."

ராட்டை நின்றது.

"இவரு பெரிய மவராசன்" என்றார் தேவகி. "சார், பத்து வருசத்துல நாலு வூடு மாறிட்டம். ஒவ்வொரு தபாவும் குழி தோண்டி, தறி எறக்கி, ஆறு மாசத்துல காலி பண்ணுன்றான். தெரு நேரா கீது, குந்த வூடு இல்லன்னா நாங்க தெருவுலயே குந்திக்கினு இருக்கவா? எங்க பேர எடுக்காதீங்க. வளஞ்ச தெருவுன்னா வளஞ்ச தெருவு. பாவ எங்கியாச்சும் போட்டுக்கறோம்."

ஏகாம்பரம் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எடுத்துத் தட்டத் தொடங்கினார். கஸ்தூரியைத் தேடிப் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வெள்ளைத் தாள் என் மேசை இழுப்பறையில் ஒன்பது நாட்கள் கிடந்தது. நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் "குறிப்பு எழுதவில்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதாததைத் தேதி தவறாமல் எழுதியிருக்கிறேன். கணினி அந்த ஒன்பது நாளும் துணி போர்த்தியே இருந்தது. தயாளன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பத்தாம் நாள் ஒப்பந்தக்காரர் ஆட்கள் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். வளைந்த தெருவே நிலைத்துவிட்டது. அதை யாரும் முடிவு செய்யவில்லை.

ஆவணியில் குடியேறினார்கள். இட விரயத்தை மிகக் குறைத்ததற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த வரைபடம் மாதிரியாக வேறு பிரிவுகளுக்கும் போனது.

பழைய தெருவில் பாவு போட இவர்கள் கொஞ்ச நாள் போய்வந்தார்கள். அங்கே இருந்தவர்கள் முதலில் விட்டார்கள், பிறகு உங்களுக்குத்தான் காலனி கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏரிக்கரையில் காற்று. வயலில் சேறு. மிஞ்சியது தார்ச்சாலையின் ஓரம். அது மட்டும் நேராக இருந்தது.

அடுத்த ஆண்டு புரட்டாசி, ஒரு புதன்கிழமை விடியற்காலை. ஏகாம்பரம் சாலையோரத்தில் பாவின் முனையை இழுத்துப் பிடித்து, வண்டிகள் வரும் திசைக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறார். பாவை விட்டுவிட்டு நகர முடியாத வேலை அது. விட்டால் மொத்த இழையும் சிக்கிவிடும். பால் வண்டி ஒன்று எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கி ஓரத்தில் இறங்கியது. விடாமல் பிடித்திருந்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். உயிர் பிழைத்தது. வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. குழித்தறியில் மிதிக்க மடங்காத கால் உதவாது.

எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது. நேரே சாலைக்குப் போனேன். முளை அடித்த இரண்டு குழிகளும் ஓரத்தில் அப்படியே இருந்தன. வேறென்ன செய்வது என்று தெரியாமல், பையிலிருந்த அளவு நாடாவை எடுத்துக் குழிக்குக் குழி அளந்தேன். எண்பத்திரண்டு அடி. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தயாளனிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். ஒப்புக்கு அல்ல, உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "ரோட்டுல பாவு போட்டது தப்புதானே. நம்ம படத்துல ரோடு வரலையே" என்றார். இந்த முறை தாள் எதையும் எடுக்கவில்லை. எனக்கும் அதை எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் செயற்பொறியாளராகிப் போனார். அதற்குப் பிறகு இருபதாண்டு எத்தனையோ படங்கள் போட்டேன். எந்தப் புது இடத்துக்கும் விடியற்காலையில் ஒரு முறை போய்ப் பார்க்காமல் கோடு போட்டதில்லை. அது என் திறமை என்று இளையவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

இத்தனையும் ஒரு கசப்பாக மட்டும் என்னோடு இருந்திருக்கும். நாற்பத்தாறு வீடா, நேர்த்தெருவா, இரண்டில் ஒன்றுதான் முடியும். அப்படிப்பட்ட இடத்தில் எவன் இருந்தாலும் ஒருவருக்குத் துரோகம் செய்திருப்பான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு காலத்தைக் கழித்திருப்பேன். ஆனால் புது மென்பொருளைப் பார்க்க வாருங்கள் என்று நிவேதா கூப்பிட்டபோது, சோதித்துப் பார்க்கலாமே என்று அந்தப் பழைய நிலத்தின் அளவுகளை எடுத்துக்கொண்டு போனேன். மடக்கோடு போட்டால் நாற்பத்தாறு வந்தது. நேர்த்தெரு என்று போட்டால் நாற்பத்து நான்கு. என் பழைய கணக்கு சரிதான் என்று அற்பமாக ஒரு திருப்தி. எதற்கு நேர்த்தெரு என்று நிவேதா கேட்டார். பாவு விஷயத்தைச் சொன்னேன்.

"சரி சார், ஆனா முழுத் தெருவும் நேரா இருக்கணுமா? இல்ல எங்கியாவது எண்பது அடி நேரா இருந்தா போதுமா?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல், ஓரிடத்திலாவது எண்பது அடி நேராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். நாற்பத்தாறு வீடு வந்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் ஐந்து வீட்டு நீளத்துக்கு, தொண்ணூறு அடிக்கு மேல், நேராக ஓடியது. மற்ற மடக்குகள் அதற்கேற்பக் கொஞ்சம் நெருங்கிக்கொண்டன. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த என் நிரலை எடுத்துக் கணினியில் வரிக்கு வரி தட்டி, அதில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து ஓடவிட்டேன். இயந்திரத்தின் மேல் பழியைப் போட ஒரு வழி கிடைக்குமா என்றுதான் பார்த்தேன். அதே படம் வந்தது. நாற்பத்தாறு தறிக்கு ஓர் இடம் போதுமா என்றும் பார்த்தேன். ஒரு பாவு போட்டால் ஒரு தறிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். ஒரு விடியலில் இரண்டு பாவுக்கு மேல் வராது. போதும். ஏகாம்பரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டது எண்பது அடி. அதை நேர்த்தெரு என்று மாற்றி எழுதிக்கொண்டவன் நான். தயாளன் அந்த நேர்த்தெருவை வைத்துத்தான் என்னிடம் இரண்டு பெயர்களைக் கேட்டார். நான் அதை வைத்துத்தான் அந்தக் குடும்பத்திடம் போய்க் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். ஏகாம்பரம் இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை பார்க்கிறார். அன்று முகூர்த்தம், வீட்டில் இல்லை. தேவகி தறியில் இருந்தார். விபத்துக்குப் பிறகு இத்தனை வருடமும் தறியை மிதிப்பவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, எழுந்து வந்து நாற்காலி போட்டார். இரண்டு படங்களையும் அவர் முன்னால் விரித்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். புதுப் படத்தில் நேராக ஓடும் துண்டை விரலால் காட்டினேன்.

"இதுல எங்க வூடு கீதா சார்?"

இருக்கிறது என்றேன். நாற்பத்தாறைக் காட்டினேன். பக்கத்தில் கஸ்தூரியின் வீட்டையும் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அவரு கால் போயிருக்காதுன்னு நெனச்சிக்கினே கீறேன் சார், இத்தினி வருசமும். அவரு ஒரு நாளும் சொல்லிக் காட்டல. அதான் பேஜாரே." படத்தை மடிக்காமல் என் பக்கமே நகர்த்தினார். "இத அப்பவே போட்டிருந்தா எவ்ளோ நாள் ஆயிருக்கும்?"

"ஒரு பகல்மா. காலையில போட்டா சாயந்தரம் வந்திருக்கும்."

தேவகி தலையசைத்தார். ஏகாம்பரம் வரும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னார். பிறகு தறிக்குப் போய்க் குழியில் காலை இறக்கினார்.